பெல்லா சாவ் பாட்டின் போர்க்காலப் பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டில் உண்மையில் என்னதான் நடக்கிறது?

பெல்லா சாவ், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையை எதிர்த்த இத்தாலியப் போராளிகளின் பாட்டு. ஒருவன் காலையில் கண் விழிக்கிறான். ஊரில் அந்நியப் படை நிற்கிறது. வழியில் போகும் போராளியிடம் "என்னையும் கூட்டிப் போ, சாகப் போகிறேன் என்று தோன்றுகிறது" என்கிறான். நான் போராளியாகச் செத்தால் நீதான் என்னைப் புதைக்க வேண்டும். மேலே மலையில், ஓர் அழகான பூவின் நிழலில் புதைக்க வேண்டும். அந்த வழியாகப் போகிறவர்கள் "என்ன அழகான பூ" என்பார்கள். சுதந்திரத்துக்காக இறந்த போராளியின் பூ இது. பாட்டு இவ்வளவுதான்.

மொத்தம் ஆறு சரணம். அதில் நான்கு, சவ அடக்கத்தைப் பற்றியவை. துப்பாக்கி, கொடி, வெற்றி, எதிரியின் தோல்வி எதுவும் கிடையாது. கைதட்டிக்கொண்டே கேட்பதால் இது ஒரு இறுதி விருப்பம் என்பது காதில் விழுவதில்லை. நடுவில் வரும் "பெல்லா சாவ்" காதலியிடம் விடைபெறுவது. "போய் வருகிறேன், அழகி" என்பதற்கு நெருக்கம். சரணங்கள் போராளியிடமும் பல்லவி காதலியிடமும் பேசுகின்றன. வெவ்வேறு பாட்டுகள் ஒட்டிக்கொண்டதற்கான தழும்பு அது.

அந்நியப் படை என்றால் யார்? எந்தக் காலையைச் சொல்கிறது?

ஜெர்மன் படை. காலம் 1943 செப்டம்பர்.

முசோலினியின் இத்தாலி 1940 ஜூன் 10 அன்று ஹிட்லர் பக்கம் போரில் இறங்கியது. 1943 ஜூலை 25 அன்று முசோலினி பதவியிலிருந்து இறக்கப்பட்டார். புதிய பிரதமர் மார்ஷல் பதோல்யோவின் அரசு செப்டம்பர் 3 அன்று சிசிலியில் நேச நாடுகளோடு இரகசியமாகப் போர்நிறுத்தம் செய்துகொண்டு, செப்டம்பர் 8 மாலை வானொலியில் அறிவித்தது. மறுநாள் விடியும் முன்பே அரசரும் பதோல்யோவும் ரோமை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். படைகளுக்குத் தெளிவான உத்தரவு எதையும் விட்டுப் போகவில்லை. நேற்றுவரை கூட்டாளியாக இருந்த ஜெர்மன் படை முகாம் முகாமாகப் போய் இத்தாலிய வீரர்களின் ஆயுதங்களைப் பறித்தது. ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் கைதிகளாக ஜெர்மனியின் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். செப்டம்பர் 12 அன்று ஜெர்மானியர் முசோலினியைக் கிரான் சாஸோ மலைச் சிறையிலிருந்து மீட்டு, வடக்கில் ஒரு பொம்மை அரசின் தலைமையில் உட்காரவைத்தார்கள்.

ஆகவே "காலையில் எழுந்தேன், அந்நியனைக் கண்டேன்" என்ற வரியில் உருவகம் அதிகமில்லை. பல ஊர்களில் அன்று அப்படித்தான் விடிந்தது.

இதே வரி வசதியாக மறந்துவிடும் ஒன்றும் உண்டு. 1935இல் எத்தியோப்பியா, 1939இல் அல்பேனியா, 1940இல் கிரீஸ், 1941இல் யூகோஸ்லாவியா என்று வரிசையாகப் பிறர் நாட்டில் புகுந்தது இத்தாலியப் படைதான். இந்தப் பாட்டின் கடிகாரம் 1943இல்தான் ஓடத் தொடங்குகிறது.

"என்னைக் கூட்டிப் போ" என்று ஏன் கேட்க வேண்டும்?

வீட்டிலேயே இருப்பதும் ஆபத்தாகிவிட்டது என்பதால். முசோலினியின் வடக்கு அரசு இளைஞர்களைப் படைக்கு அழைத்தது. 1944 பிப்ரவரி 18 தேதியிட்ட ஆணை, அழைப்புக்கு வராதவர்களுக்கும் படையை விட்டு ஓடியவர்களுக்கும் மரண தண்டனை என்றது. பதினெட்டு, இருபது வயதுப் பையனுக்கு எஞ்சியிருந்த வழிகள் குறைவு: படையில் சேர், ஜெர்மனிக்கு வேலைக்குப் போ, ஒளிந்துகொள், அல்லது மலை ஏறு. மலை ஏறியவர்கள் எல்லாரும் கொள்கை வெறியோடு போனவர்கள் அல்ல. ஆள்பிடிப்புக்குத் தப்பிப் போய், அங்கே போன பிறகு போராளியானவர்கள் நிறைய.

இந்தப் போராளிகளைத்தான் இத்தாலியில் 'பார்த்திஜானோ' என்பார்கள். செய்தி, மருந்து, வெடிபொருள் கடத்தும் வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. சைக்கிள் கூடையில் காய்கறிக்கு அடியில் வைத்துச் சோதனைச் சாவடிகளைக் கடப்பார்கள். இவர்களுக்குப் பாட்டில் இடமில்லை. அங்கே பெண் என்றால் வழியனுப்பப்படும் காதலி மட்டும்தான்.

மலையில் புதைக்கச் சொல்வது வெறும் கவித்துவமா?

மறக்கப்பட்ட பொருள் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வோம். அந்தப் போரில் ஒழுங்கான அடக்கம் யாருக்கும் உறுதியில்லை.

பிடிபட்ட போராளியின் உடலைப் பொது இடத்தில் போட்டுவைப்பது ஆக்கிரமிப்பாளர்களின் வழக்கமான அச்சுறுத்தல் முறை. 1944 ஆகஸ்ட் 10 அன்று மிலான் நகரின் பியாட்சாலே லொரேத்தோ சதுக்கத்தில் 15 பேரைச் சுட்டு, உடல்களை வெயிலில் அப்படியே கிடத்திவைத்தார்கள். (அடுத்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று முசோலினியின் உடல் அதே சதுக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டது தற்செயல் அல்ல.) 1944 செப்டம்பர் 26 அன்று பஸ்ஸானோ தெல் கிராப்பா ஊரில் 31 பேரைச் சாலையோர மரங்களில் தூக்கிலிட்டுத் தொங்கவிட்டார்கள். பொதுமக்களும் தப்பவில்லை. 1944 மார்ச் 24 அன்று ரோமில் அர்தேயாத்தீனே குகைகளில் 335 பேரைக் கொன்று, குகை வாயை வெடிவைத்து மூடினார்கள். 1944 இலையுதிர்காலத்தில் பொலோஞாவுக்குத் தெற்கே மார்சபோத்தோ பகுதியில் ஒரே வாரத்துக்குள் கொல்லப்பட்டவர்கள் சுமார் 770 பேர்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. போராளிகள் சொந்தப் பெயரில் இயங்கவில்லை. ஆளுக்கொரு புனைபெயர், பிடிபட்டால் குடும்பத்துக்கு ஆபத்து வரக் கூடாதே. அதனால், கூட இருந்தவர்களும் இறந்துவிட்டால், புதைத்தவர்களுக்கே யாரைப் புதைத்தோம் என்பது தெரியாமல் போகக்கூடும். இந்தப் பின்னணியில் "நீதான் என்னைப் புதைக்க வேண்டும்" என்பதைப் படித்துப் பாருங்கள். உடலைச் சதுக்கத்தில் விட்டுவிடாதே, யாருடைய குழி என்று தெரியும்படி செய் என்ற நடைமுறைக் கோரிக்கையாகவே அது ஒலிக்கிறது.

பூ எங்கிருந்து வந்தது?

பழைய காதல் பாட்டிலிருந்து. இராஜதந்திரியும் நாட்டார் பாடல் ஆய்வாளருமான கொஸ்தந்தீனோ நீக்ரா 1888இல் வெளியிட்ட பியெமோந்தே வட்டாரப் பாடல் தொகுப்பில் 'கல்லறைப் பூ' என்ற கதைப்பாட்டு இருக்கிறது. அதில் சாகத் துணிந்த ஒரு பெண், தன்னைப் புதைக்கும் விதத்தைச் சொல்கிறாள். அந்தப் பக்கம் போகிறவர்கள் பூவைப் பற்றிப் பேசுகிறார்கள். "காதலுக்காக இறந்த ரோசீனாவின் பூ" என்ற பதில் பல வடிவங்களில் வருகிறது. பெயர் ஊருக்கு ஊர் மாறும்.

போராளிகளின் பாட்டு அந்தக் கட்டமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டு சொற்களை மாற்றியது. ரோசீனா இருந்த இடத்தில் பார்த்திஜானோ, காதல் இருந்த இடத்தில் சுதந்திரம். மூலத்தை அறிந்த வடக்கு இத்தாலியக் கிராமத்தாருக்கு இந்த மாற்றம் உடனே பிடிபட்டிருக்கும். வெளியே இருந்து கேட்கும் நமக்குப் பூ வெறும் அலங்காரம்.

போரின்போது போராளிகள் எல்லாரும் இதைப் பாடினார்களா?

இல்லை. பரவலாகப் பாடப்பட்டது 'ஃபிஸ்கியா இல் வெந்தோ', அதாவது 'காற்று சீறுகிறது' என்ற பாட்டு. லிகூரியாவைச் சேர்ந்த இளம் மருத்துவரும் கம்யூனிஸ்டுப் படைத் தலைவருமான ஃபெலீச்சே காஷோனே அதன் சொற்களை எழுதினார். மெட்டு 'கத்யூஷா' என்ற ரஷ்யப் பாட்டினுடையது; ரஷ்யப் போர்முனையிலிருந்து திரும்பிய ஒரு தோழர் கொண்டுவந்தது. காஷோனே 1944 ஜனவரி 27 அன்று கொல்லப்பட்டார். பாட்டு அவரைத் தாண்டி வடக்கெங்கும் பரவியது.

பெல்லா சாவ் பாடியதாகச் சான்றுகள் சுட்டும் இடங்கள் சிலவே. ஒன்று, அப்ரூட்சோ மலைப்பகுதியில் 1943 டிசம்பரில் எத்தோரே த்ரோய்லோ என்ற வழக்கறிஞர் திரட்டிய மயெல்லா பிரிகேட். அது நேச நாட்டுப் படையோடு வடக்கு நோக்கி நகர்ந்து 1945 ஏப்ரலில் பொலோஞாவுக்குள் நுழைந்தது. மற்றொன்று எமீலியா மலைப்பகுதி. குறிப்பாக 1944 கோடையில் சில வாரங்கள் போராளிகளின் தனி ஆட்சி நடந்த மொந்தெஃபியோரினோ சுற்றுவட்டம்.

சான்று ஏன் இவ்வளவு குறைவு? பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு தொடர்பு அறுந்திருந்தது. ஒரு குழுவின் பாட்டு அடுத்த குழுவுக்குப் போய்ச் சேரவே மாதங்கள் ஆகும். காட்டில் ஒளிந்திருப்பவன் உரக்கப் பாட முடியாது. ஒலிப்பதிவுக் கருவி இல்லை. பாட்டுப் புத்தகம் சட்டைப்பையில் அகப்பட்டால் அதுவே தூக்குக் கயிறு. கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் பிற்கால நினைவுகள். அந்த நினைவுகளோ, பாட்டு புகழடைந்த பிறகு சொல்லப்பட்டவை.

அப்படியென்றால் 1960களில் புனையப்பட்ட பாட்டு என்கிறார்களே, அது சரியா?

அதுவும் மிகை. வடமேற்கு இத்தாலியின் கூனேயோ பள்ளத்தாக்குகளில் போராளியாக இருந்த பத்திரிகையாளர் ஜோர்ஜோ போக்கா, தான் அங்கே இதை ஒருபோதும் கேட்டதில்லை என்று சொன்னது அடிக்கடி மேற்கோளாகிறது. கூனேயோவுக்கு அது பொருந்தும். மயெல்லா கூனேயோவிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

1964இல் ஸ்பொலேத்தோ கலைவிழாவில்தான் பாட்டு பிறந்தது என்பார்கள். போருக்குப் பிந்தைய தடயங்கள் அந்த விழாவுக்கு முந்தியவை. 1947இல் பிராக் நகரில் நடந்த உலக இளைஞர், மாணவர் விழாவுக்குப் போன இத்தாலியர் இதைப் பாடினார்கள். அதைத் தொடர்ந்த விழாக்கள் வழியாக மற்ற நாட்டு இளைஞர்களும் கற்றுக்கொண்டார்கள். 1953இல் 'லா லாப்பா' என்ற நாட்டாரியல் இதழில் பாட்டின் வரிகள் அச்சாகின. 1960களின் முற்பகுதியில் இவ் மோந்தான் பாடிய இசைத்தட்டு பிரான்சில் வந்தது. (அவர் பிறந்தது தஸ்கனியில், இவோ லீவி என்ற பெயரில், பாசிசத்துக்குத் தப்பி மர்சேய் போன குடும்பம்.) 1964இல்தான் ஸ்பொலேத்தோ கலைவிழாவில் இதே தலைப்பிலான நாட்டார் பாடல் நிகழ்ச்சி நடந்தது. அங்கே கலவரம் வெடித்ததற்குக் காரணம் இந்தப் பாட்டு அல்ல. முதல் உலகப் போரின் அதிகாரிகளைத் துரோகிகள் என்று ஏசும் கொரீட்சியா பாட்டு. நீதிமன்றப் புகார்வரை போன அந்தச் சண்டைதான் நிகழ்ச்சிக்கு நாடு தழுவிய விளம்பரம் தேடித் தந்தது.

புனைந்தது என்பதைவிட, தேர்ந்தெடுத்தார்கள் என்பது பொருந்தும்.

ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்?

இதில் கட்சி இல்லை. எதிர்ப்புப் போரை நடத்திய தேசிய விடுதலைக் குழுவில் கம்யூனிஸ்டுகள், சோஷலிஸ்டுகள், கிறிஸ்துவ ஜனநாயகவாதிகள், தாராளவாதிகள், ஆக்‌ஷன் கட்சியினர் என்று பலர் இருந்தார்கள். மலையில் கழுத்துத்துணியின் நிறத்தைப் பார்த்தே எந்த அணி என்று சொல்லிவிடலாம்: கம்யூனிஸ்டுகளின் கரிபால்டி பிரிகேடுகளுக்குச் சிவப்பு, 'நீதியும் சுதந்திரமும்' அணிக்குப் பச்சை, கட்சி சாராதவர்களுக்கு நீலம். 'காற்று சீறுகிறது' பாட்டில் சிவப்பு வசந்தம் வருகிறது, ரஷ்ய மெட்டு வேறு. கிறிஸ்துவ ஜனநாயகக் கட்சியும் சோஷலிஸ்டுகளும் 1963 டிசம்பரில் சேர்ந்து ஆட்சி அமைத்த நாட்டில், எல்லாரும் எழுந்து நின்று பாடக்கூடியது அது அல்ல. பெல்லா சாவ் பாடலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. பாட்டின் எதிரி வெளிநாட்டான் மட்டும். இத்தாலியனை இத்தாலியன் கொன்ற பக்கம் ஒரு வரியில்கூட இல்லை. வரலாற்றாசிரியர் கிளாவுதியோ பவோனே 1991இல் இந்தக் காலத்தை மூன்று போர்களாகப் பிரித்தார்: அந்நியனுக்கு எதிரான நாட்டுப்பற்றுப் போர், பாசிஸ்டுகளுக்கு எதிரான உள்நாட்டுப் போர், முதலாளிகளுக்கு எதிரான வர்க்கப் போர். பெல்லா சாவ் முதல் போரை மட்டும் பாடுகிறது. அதனால் இதைக் கம்யூனிஸ்டுப் பாட்டு என்று ஒதுக்குவதும், கம்யூனிஸ்டுகள் தமக்கே உரியது என்று கொண்டாடுவதும் பாட்டைச் சரியாகக் கேட்காததன் விளைவு.

மூலம் நெல்வயல் பெண்களின் பாட்டுதானே?

இணையத்தில் அதிகம் பரவியுள்ள தவறு இதுதான். வெர்செல்லி, நொவாரா பகுதி நெல்வயல்களில் களையெடுத்த பெண்கள் 'மொந்தீனே'. மே இறுதியிலிருந்து ஜூலைத் தொடக்கம்வரை முழங்கால் அளவு தண்ணீரில் குனிந்தே வேலை. அவர்களுக்கென்று வளமான பாட்டு மரபு இருந்தது உண்மை. காலையில் எழுந்து வயலுக்குப் போவது, பூச்சிக்கடி, கம்பு ஊன்றி நிற்கும் மேற்பார்வையாளன், "எல்லாரும் சுதந்திரமாக வேலை செய்யும் நாள் வரும்" என்ற முடிவு கொண்ட வடிவம் இந்த மெட்டில் இருப்பதும் உண்மை.

ஆனால் அதன் வயது வேறு. ஜொவான்னா தாஃபினி என்ற பாடகி பாடிய அந்த வடிவத்தை ஆய்வாளர்கள் ஜான்னி போசியோவும் ரொபெர்த்தோ லெய்தியும் 1962இல் பதிவுசெய்தார்கள். போராளிப் பாட்டின் தாய் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். 1965இல் தாஃபினியின் ஊரான குவால்தியேரியிலிருந்தே வாஸ்கோ ஸ்கன்சானி என்பவர் 'லூனித்தா' நாளிதழுக்கு எழுதினார்: அந்த வயல்வரிகளை 1951இல் நான்தான் எழுதினேன் என்று. ஆக, தாஃபினி பாடிய வடிவம் போராளி வடிவத்தின் தாய் இல்லை, மகள். "பத்தொன்பதாம் நூற்றாண்டு உழைப்பாளிப் பாட்டு" என்று எழுதும் கட்டுரைகள் இந்தக் கடிதத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

யூத மெட்டு என்ற பேச்சு?

ஒதெஸாவில் பிறந்த அக்கார்டியன் கலைஞர் மிஷ்கா சிகானோஃப் 1919இல் நியூயார்க்கில் பதிவுசெய்த 'கொய்லன்' என்ற யூத இசைத்தட்டு 2006இல் பாரிசில் கிடைத்தது. முதல் சில சந்தங்கள் ஒத்துப்போகின்றன, அவ்வளவே. சிறுமிகள் கைதட்டி விளையாடும் ஒரு வடக்கு இத்தாலியப் பாட்டோடு இருக்கும் உறவு இதைவிட நெருக்கமானது. கைதட்டும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

என்னிடம் உள்ள வரிகள் எந்த வடிவம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சரணத்தின் கடைசி வரியைப் பாருங்கள். 'இன்வசோர்' (படையெடுத்து வந்தவன்) என்றால் போராளி வடிவம். 'ரிசாயா' (நெல்வயல்) என்ற சொல் வந்தால் மொந்தீனே வடிவம். 'ஒப்ரெஸ்ஸோர்' (ஒடுக்குபவன்) என்று மாற்றிப் பாடுவதும் உண்டு. 2020இல் டெல்லி எல்லையில் விவசாயிகள் போராடியபோது இந்த மெட்டில் "திரும்பிப் போ" என்று பஞ்சாபியில் வந்தது இன்னொரு வகை. அங்கே மெட்டும் பல்லவியின் தாளமும் மட்டும் மிச்சம். கொள்ளைக் கதையான 'மணி ஹெய்ஸ்ட்' என்ற ஸ்பானியத் தொலைக்காட்சித் தொடர் வழியாக வந்தவர்கள் கேட்டது போராளி வடிவத்தைத்தான். கொள்ளைக்கும் பாட்டுக்கும் தொடர்பு அந்தக் கதைக்குள் மட்டும்.

"1943 அசல் ஒலிப்பதிவு" என்று யாராவது காட்டினால் நம்ப வேண்டாம். பின்னணியில் கிட்டார், ஒழுங்கான கூட்டுக்குரல், தெளிவான ஒலி இருந்தால் அது போருக்கு வெகு பிந்தையது.

மேடையில் பாட வேண்டும். எதில் தவறு நேரும்?

ஒவ்வொரு சரணமும் ஒரே அச்சு: முதல் வரி, பல்லவி, முதல் வரி மறுபடியும், பிறகு முடிக்கும் வரி. புதிதாகப் பாடுகிறவர்கள் மறுபடி வரும் முதல் வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவார்கள். கூட்டம் அங்கேதான் சிதறும். 'சாவ்' ஒரே அசை, தொடக்கத்தில் 'ச்ச' அழுத்தம். 'சி-யா-வோ' என்று மூன்றாக உடைத்தால் தாளத்தில் உட்காராது. 'பார்த்திஜானோ'வில் அழுத்தம் 'ஜா'வில். 'இன்வசோர்', 'மொரீர்' இரண்டிலும் அழுத்தம் கடைசி அசையில். அதனால்தான் வரி வெட்டினாற்போல் முடிகிறது. பெண் பாடினால் 'ஸ்வெல்யாத்தோ'வை 'ஸ்வெல்யாத்தா' என்று மாற்றிக்கொள்ளலாம், பலர் மாற்றுவதில்லை.

கைதட்டு பல்லவியின் கடைசி மூன்று 'சாவ்'களிலும் விழும். வேகத்துக்கு விதி இல்லை. ஆனால் தட்டத் தட்டக் கூட்டம் வேகம் கூட்டிக்கொண்டே போகும். மூன்றாவது சரணத்தில் "என்னைப் புதை" என்ற வரி வரும்போது குத்துப்பாட்டாகியிருக்கும். முதல் இரண்டு சரணம் தட்டு இல்லாமல் ஒற்றைக்குரல், பூ வரும்போது கூட்டுக்குரல் என்று பிரித்துக்கொண்டால் கட்டுப்பாடு கையில் இருக்கும். கலப்படமும் வேண்டாம். இணையத்தில் மொந்தீனே சரணமும் போராளிச் சரணமும் கலந்த வரிகள் கிடைக்கின்றன. வயலுக்குப் போனவள் திடீரென்று மலையில் புதைக்கப்படுவாள்.

இத்தாலிப் போர்முனையில் தமிழர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையின் 4, 8, 10ஆம் டிவிஷன்கள் இத்தாலியில் போரிட்டன. மதராஸ் சாப்பர்ஸ் பொறியியல் பிரிவினரும் உடன் இருந்தார்கள். அவர்களில் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று மிஞானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் விழுந்து தோழர்களைக் காப்பாற்றி இறந்தார். வீரச் செயலுக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது. போராளிகளின் பாட்டோடு நேரடித் தொடர்பு இல்லை. அதே போர், அதே மலைகள்.

இத்தாலியில் எப்போது பாடுவார்கள்?

ஏப்ரல் 25 அன்று. 1945இல் வடக்கு நகரங்கள் கிளர்ந்தெழுந்த நாள்; 1949 சட்டத்தின்படி நிரந்தர தேசிய விடுமுறை. 2020 ஊரடங்கில் பிற்பகல் மூன்று மணிக்குச் சன்னல்களிலிருந்து பாடினார்கள். தேசிய கீதம் அல்ல. அங்கேயே இதை விரும்பாதவர்களும் உண்டு. வலதுசாரிகள் பலருக்கு இது எதிர்க்கட்சிப் பாட்டு. எனவே ஏப்ரல் 25 ஊர்வலத்தில் தயங்காமல் சேர்ந்து பாடலாம். உணவகத்தில் அறிமுகமில்லாதவர்கள் நடுவே எடுத்துவிட்டால் ஒரு மேசை கைதட்டும், இன்னொரு மேசை முகம் திருப்பும்.

பாடிப் பதிவேற்றினால் உரிமைத்தொகை கட்ட வேண்டுமா?

போராளி வடிவத்தின் சொல்லுக்கும் மெட்டுக்கும் அறியப்பட்ட ஆசிரியர் இல்லை. மரபுப் பாடலாகவே கருதப்படுகிறது. சிக்கல் வருவது இசையமைப்பிலும் ஒலிப்பதிவிலும். தொடரில் வந்த பின்னணி இசை, மோந்தானின் குரல், ஏதோ ஒரு இசைக்குழுவின் கரோக்கே தடம் ஆகியவற்றுக்கு உரிமையாளர்கள் உண்டு. வாத்தியத்தை நீங்களே வாசித்து, 'மரபுப் பாடல்' என்று குறிப்பிட்டு ஏற்றுங்கள். அப்படியும் தானியங்கிக் கண்காணிப்பு சில சமயம் வேறொருவர் பதிவோடு ஒப்பிட்டு உரிமைக்கோரல் எழுப்பும். மரபுப் பாடல், சொந்த வாசிப்பு என்ற இரண்டு விவரங்களையும் எழுதி மறுப்பு அனுப்புங்கள்.